பெயரில் அ வந்த கடைகளுக்கு மட்டும் டைம்-அவுட்: ஹெடர் என்கோடிங் பிழையை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ஓணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தோவாளைப் பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி போன் செய்தார். அந்த வாரம் அங்கே யாருக்கும் தூக்கம் கிடையாது, விடிவதற்கு முன்பே கேரளாவுக்கு வண்டி போய்க்கொண்டிருக்கும். "மக்களே, பில்லு அடிக்கவே மாட்டேங்கு, சுத்திக்கிட்டே கெடக்கு. பக்கத்துக் கடையில நல்லா அடிக்கு. எனக்கு மட்டும் என்ன கேடு?"

இரண்டு கடைக்கும் ஒரே மென்பொருள், ஒரே இணைப்பு, ஒரே சர்வர். முந்தின வாரம்தான் கடைப் பெயரைத் தமிழிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு அப்டேட் விட்டிருந்தோம். அந்தப் பெயர் ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு ஹெடரில் (செய்திக்கு முன்னால் போகும் தகவல் வரி) போகிறது, சர்வரும் பதிலில் அதே ஹெடரைத் திருப்பி அனுப்புகிறது. நாகர்கோவிலில் நாங்கள் நாலு பேர், பைதான், நோட், ஜாவா மூன்றிலும் மொழிக்கொரு கிளையண்ட் லைப்ரரி, அதாவது சர்வரோடு பேசும் நிரல் தொகுப்பு. மூன்றும் மூன்று விதமாக உடைந்தன. அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எந்த அறிகுறியோ அங்கே நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

முதலில் பைட்டைப் பாருங்கள்

திரையில் தெரிவதை நம்பாதீர்கள். டெர்மினல் ஒரு என்கோடிங், லாக் பார்க்கும் கருவி இன்னொன்று, எடிட்டர் வேறொன்று, மூன்றும் தங்கள் இஷ்டத்துக்கு மொழிபெயர்த்துக் காட்டும். கம்பியில் என்ன போகிறது என்று பார்க்க எளிய வழி, உங்கள் கணினியிலேயே நெட்கேட் என்ற கருவியை 8080 போர்ட்டில் காது கொடுத்து உட்கார வைத்து, கிளையண்டின் முகவரியை அங்கே திருப்பிவிடுவது. டிஎல்எஸ் மறைகுறியாக்கம் இல்லாமல், ஹெச்டிடிபி 1.1-இல் அனுப்புங்கள். ஹெச்டிடிபி 2 என்றால் ஹெடர் சுருக்கப்பட்டுப் போகும், கண்ணால் படிக்க முடியாது. வந்ததை ஒரு ஹெக்ஸ் டம்ப் கருவியில் ஊற்றினால் போதும். எல்லோரும் பதினாறடிமானத்தில்தான் பார்ப்பார்கள், இங்கே படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சாதாரணத் தசம எண்ணில் தருகிறேன்.

எங்கள் சோதனைச் சொல் தோவாளை. யூனிகோடில் அது 6 குறிகள்: த, ோ, வ, ா, ள, ை. யூனிகோடைப் பைட்டாக எழுதும் முறையான யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக மொத்தம் 18. முதல் மூன்று 224 174 164, அது த. அடுத்த மூன்று 224 175 139, அது ோ. தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் டம்பைப் பார்த்தவுடன் கதை தெரிந்துவிடும்:

224 174 164 என்று தொடங்கினால் யூடிஎஃப்-8 அப்படியே போகிறது.
195 160 194 174 என்று தொடங்கினால் இரண்டு முறை என்கோட் ஆகியிருக்கிறது, 18 பைட் 36 ஆகியிருக்கும்.
63 63 63 63 63 63 என்றால் வெறும் கேள்விக்குறிகள், பெயர் செத்துவிட்டது.
164 203 181 190 179 200 என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே ஒரு பைட். இது விசித்திரமான கேஸ், கீழே தனியாக வருகிறது.
37-இல் தொடங்கி 54 பைட் நீளம் என்றால் சதவீதக் குறியீடு, அதாவது ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கமுமாக எழுதுவது. 37 என்பது சதவீதக் குறியின் எண்.

கிளையண்ட் விட்டு வெளியே போகும் இடத்தில் ஒரு முறை, சர்வருக்குள் நுழையும் இடத்தில் ஒரு முறை, நடுவில் ப்ராக்ஸி இருந்தால் அங்கேயும் ஒரு முறை பாருங்கள். பூ ஏற்றிய வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடி என்பது பின்னால் இருக்கும் பூ, ஹெடர் என்பது ஓட்டுநர் கையில் இருக்கும் சீட்டு. களியக்காவிளை செக்போஸ்டில் பூவை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், சீட்டைத்தான் ஆளாளுக்கு வாங்கிப் படிப்பார்கள். அந்தச் சீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எழுத்து இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2616 என்ற இணைய விதி ஆவணம் ஹெடரில் லத்தீன்-1, அதாவது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 256 எண் கொண்ட எழுத்துத் தொகுதியை அனுமதித்தது. இப்போது நடப்பில் இருக்கும் ஆர்எஃப்சி 9110, 2022-இல் வந்தது, புதிய ஹெடர் என்றால் ஆஸ்கியோடு (ஆங்கில எழுத்தும் எண்ணும் உள்ள 128 குறி) நிறுத்திக்கொள் என்கிறது. 127-க்கு மேற்பட்ட பைட் வந்தால் அதற்கு அர்த்தம் தேடாதே, பொட்டலம் பிரிக்காமல் வைத்துக்கொள் என்கிறது. கிளையண்டுகள் பாதி பழைய வீட்டிலும் பாதி புது வீட்டிலும் குடியிருப்பதால்தான் இத்தனை அறிகுறி.

அறிகுறி: அனுப்புவதற்கு முன்பே கிளையண்ட் கத்துகிறது

இது நல்ல அறிகுறி. கத்துகிற மாட்டைக் கண்டுபிடிப்பது சுலபம்.

பைதானின் அடிப்படை ஹெச்டிடிபி கிளையண்ட், ஹெடர் மதிப்பைச் சரமாக (ஸ்ட்ரிங்) கொடுத்தால் லத்தீன்-1 இல் மாற்றப் பார்க்கும். தமிழ் அதில் இல்லை. யூனிகோட் என்கோட் எரர், எழுத்தின் எண் 256-க்குள் இல்லை என்று வரும். ஹெச்டிடிபிஎக்ஸ் என்ற பைதான் லைப்ரரி இன்னும் கறார், ஆஸ்கியில்தான் மாற்றும், 128-க்குள் இல்லை என்று வரும். நோட் ஹெடரில் செல்லாத எழுத்து என்று சொல்லும். பிரவுசரின் ஃபெட்ச் லத்தீன்-1 தாண்டிய எழுத்து இருக்கிறது என்று டைப் எரர் எறியும். எல்லாம் ஒரே புகார்தான்.

இங்கே அவசரத்தில் இரண்டு தப்பு செய்வார்கள். ஒன்று, பிழை வந்தால் அந்த எழுத்தை விட்டுவிடு என்று என்கோடரிடம் சொல்வது. தமிழ்ப் பெயரில் விட்டுவிட்டால் மிஞ்சுவது நடுவில் இருக்கும் ஸ்பேஸ் மட்டும்தான். கடைப் பெயர் காலியாகப் போகும், யாரும் கத்த மாட்டார்கள், மாதக் கடைசியில் கணக்கு பார்க்கும்போது எந்தக் கடை பில் என்று தெரியாமல் முழிக்க வேண்டும். இரண்டாவது, சரத்தை யூடிஎஃப்-8 பைட்டாக மாற்றிக் கையில் கொடுத்துவிடுவது. கிளையண்ட் வாயை மூடிக்கொள்ளும், ஆனால் பிழை சர்வர் பக்கம் இடம் மாறியிருக்கும். அதுதான் அடுத்த அறிகுறி.

சரியான மருந்து, பெயரை யூடிஎஃப்-8 ஆக்கி அதைச் சதவீதக் குறியீட்டில் எழுதி ஆஸ்கியாக அனுப்புவது, சர்வரில் பிரித்துக்கொள்வது. முடிந்தால் ஹெடரிலேயே வைக்காமல் பாடியில் ஜேசானாக அனுப்புங்கள், அது இதைவிட நல்லது. எங்களுக்கு அந்த வசதி இல்லை, சர்வர் வேறு ஒருவர் கையில் இருந்தது.

ஹெடரில் தமிழே இல்லை, இருந்தும் இதே பிழை வருகிறது என்றால் பிழைச் செய்தியில் இருக்கும் இடத்தின் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்ட் ஃபைலிலிருந்தோ ஒட்டிய டோக்கனாக (சர்வர் உங்களை அடையாளம் காணும் ரகசியச் சரம்) இருக்கும். வளைந்த மேற்கோள் குறி, நீளக் கோடு, கண்ணுக்கே தெரியாத பூஜ்ய அகல ஸ்பேஸ் எதுவானாலும் லத்தீன்-1 இல் இல்லை, கத்தும். ஆனால் உடையா ஸ்பேஸ் என்று ஒன்று உண்டு, அதன் எண் 160, லத்தீன்-1 க்குள் அழகாக உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பிழையும் வராது, 401, அதாவது அனுமதி இல்லை என்ற பதில் மட்டும் வரும். டோக்கனின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள், 40 இருக்க வேண்டியது 41 இருந்தால் ஆள் மாட்டினான்.

அறிகுறி: சர்வரில் எலி பிராண்டியதுபோல வருகிறது

தலையில் கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒன்று, மறுபடி கோடு போட்ட ஏ. இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகமே வேண்டாம். 224-உம் 174-உம் லத்தீன்-1 இல் இப்படித்தான் தெரியும். பைட் பத்திரமாக வந்திருக்கிறது, படித்தவன்தான் தப்பாகப் படித்திருக்கிறான்.

பைதான் வெப் சர்வர்களில் இது எதிர்பார்க்க வேண்டியதே. டபிள்யூஎஸ்ஜிஐ என்ற பைதான் சர்வர் இணைப்பு விதிப்படி ஹெடர்கள் லத்தீன்-1 ஆகப் பிரித்த சரமாகத்தான் உங்கள் கைக்கு வரும். அதைத் திரும்ப லத்தீன்-1 பைட்டாக மாற்றி, யூடிஎஃப்-8 ஆகப் பிரித்தால் தோவாளை திரும்பி வந்துவிடும். 256 பைட்டும் லத்தீன்-1 இல் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் எதுவும் நஷ்டமாகாது. இந்தத் திருத்தத்தை ஒரே ஒரு இடத்தில் செய்யுங்கள். இரண்டு இடத்தில் செய்தால் இரண்டாவது இடத்தில் வெடிக்கும்.

இப்போது ஒரு நுட்பமான விஷயம், இதில் எங்களுக்கு அரை நாள் போனது. ஜாவா பக்கத்தில் நண்பர் ஒருவர் லத்தீன்-1 க்குப் பதில் விண்டோஸ்-1252 போட்டிருந்தார். இரண்டும் ஒன்றுதானே என்று பலர் நினைப்பார்கள், முக்கால்வாசி ஒன்றுதான். ஆனால் விண்டோஸ்-1252 இல் ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே கிடையாது: 129, 141, 143, 144, 157. தமிழ்ப் புள்ளி யூடிஎஃப்-8 இல் எப்படி இருக்கிறது தெரியுமா? 224 175 141. ஏ-வின் கடைசி பைட் 143, ஐ-யின் கடைசி பைட் 144. அதாவது தோவாளை ஒழுங்காகப் போகும், குளச்சல் உடையும், நாகர்கோவில் உடையும், மார்த்தாண்டம் உடையும். புள்ளி இல்லாத தமிழ்ப் பெயர் எத்தனை இருக்கும்? சோதனைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட சொல் தோவாளை என்பதால் எல்லாம் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது, வாடிக்கையாளர் பெயர் எல்லாம் சிவப்பு. சோதனைச் சொல்லில் புள்ளி வையுங்கள், இன்னும் சொன்னால் ஐந்தாறு புள்ளி வையுங்கள்.

அறிகுறி: சில கடைகளுக்கு மட்டும் டைம்-அவுட்

அண்ணாச்சியின் கேஸ் இதுதான். கிளையண்ட் கத்தவில்லை, சர்வர் லாகில் 200, அதாவது வெற்றி, பில் சர்வரில் பதிவாகியும் இருக்கிறது. ஆனால் கிளையண்ட் பதிலுக்காகக் காத்திருந்து காத்திருந்து 30 விநாடியில் கையை விரிக்கிறது. நெட்வொர்க் என்று நினைத்து ரவுட்டரை மாற்றச் சொன்னேன், பாவம் மாற்றினார். அதற்குப் பிறகு எந்தெந்தக் கடைக்கு இப்படி ஆகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். பெயரை வெளியில் சொல்ல வேண்டாம், ஆனால் அண்ணாச்சி கடை அம்மன் பெயரில், இன்னொன்று அன்னை என்று தொடங்குகிறது, மூன்றாவது ஸ்ரீ என்று தொடங்கி நடுவில் அய்யா வருகிறது. எல்லாவற்றிலும் அ.

அ-வின் யூனிகோட் எண்ணை எடுத்து யூடிஎஃப்-8 ஆக்கினால் 224 174 133. கடைசி பைட் 133.

எங்கள் பைதான் லைப்ரரி பழையது, ஒரு விசித்திரமான சர்வருக்காகச் சாக்கெட்டைத் தானே திறந்து பதிலைத் தானே வெட்டிப் படிக்கும்படி யாரோ எழுதியது. அது என்ன செய்கிறது என்றால், ஹெடர் பகுதி முழுவதையும் முதலில் லத்தீன்-1 ஆகப் பிரித்துச் சரமாக்குகிறது, அப்புறம் ஸ்பிளிட்லைன்ஸ் போட்டு வரிவரியாக வெட்டுகிறது. பார்க்க ஒரு குற்றமும் தெரியாது. ஆனால் பைதானில் சரத்தின் ஸ்பிளிட்லைன்ஸ் 13-ஐயும் 10-ஐயும் மட்டும் வரி முடிவாக எண்ணுவதில்லை. யூனிகோடில் வரி முடிவு என்று சொல்லப்படும் வேறு சிலவற்றிலும் வெட்டும், அதில் ஒன்று எண் 133, அடுத்த வரி என்ற கட்டுப்பாட்டுக் குறி. ஆக அ வந்த இடத்தில் கத்தி விழுகிறது. அம்மன் என்பதில் அ-வின் முதல் இரண்டு பைட் ஒரு வரியில், மிச்சமுள்ள "ம்மன்" அடுத்த வரியில். அந்த அடுத்த வரியில் முக்காற்புள்ளி இல்லை. முக்காற்புள்ளி இல்லாத வரியைக் கண்டதும் எங்கள் பார்சர் ஒரு வார்த்தை சொல்லாமல் லூப்பிலிருந்து வெளியே வந்துவிடும். பாடியின் நீளத்தைச் சொல்லும் ஹெடர் அதற்குப் பின்னால் இருந்தது. அது கண்ணில் படாததால் சர்வர் இணைப்பை மூடும்வரை பாடி என்று எண்ணிக் காத்திருக்கிறது, சர்வரோ இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே 30 விநாடி.

பைட் அளவிலேயே 13, 10 ஜோடியில் முதலில் வெட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு வரியையும் சரமாக்குவதுதான் திருத்தம். பைதானில் பைட்டுகளின் ஸ்பிளிட்லைன்ஸ் 133-இல் வெட்டாது, ஆனால் அதையும் நம்பாமல் நேரடியாக அந்த ஜோடியைச் சொல்லி வெட்டுங்கள். ஒரு வரியை மேலிருந்து கீழே நகர்த்தினேன், அவ்வளவுதான் வேலை. கண்டுபிடிக்க இரண்டு நாள்.

அப்புறம் அதே தேடலில் அதன் தம்பியும் கிடைத்தான். ஹெடர் மதிப்பின் ஓரத்தில் இருக்கும் ஸ்பேஸை நீக்க ஸ்டிரிப் போட்டிருந்தோம். பைதான் சரத்தில் ஸ்டிரிப் 133-ஐயும் 160-ஐயும் வெற்றிடமாக எண்ணித் தின்றுவிடும். "பிரிவு அ" என்று முடியும் ஒரு மதிப்பின் கடைசி பைட் காணாமல் போய், யூடிஎஃப்-8 பிரிக்கும்போது தரவு பாதியில் முடிந்துவிட்டது என்று பிழை வரும். ஸ்டிரிப்புக்கு ஸ்பேஸ், டேப் இரண்டை மட்டும் பெயர் சொல்லிக் கொடுங்கள். ஹெடர் விதியும் அந்த இரண்டைத்தான் சொல்கிறது.

அறிகுறி: கேள்விக்குறிகள்

பெயர் இனிப் பிழைக்காது. ஜாவாவில் ஒரு சரத்தை ஆஸ்கி பைட்டாக மாற்றச் சொன்னால் முடியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டு அமைதியாகப் போய்விடும், எக்செப்ஷன் கிடையாது. கேள்விக்குறி எந்த இடத்தில் முதலில் தோன்றுகிறதோ அங்கேதான் குற்றவாளி. அதற்குப் பின்னால் என்ன செய்தாலும் பெயர் திரும்பாது.

அறிகுறி: முக்கால் குறியும் குட்டி மூன்றும்

தோவாளை என்று அனுப்பினால் அந்தப் பக்கம் நாணயக் குறி, தலையில் புள்ளி வைத்த ஆங்கில ஈ, மைக்ரோ குறி, முக்கால், மேலே தூக்கிய மூன்று என்று வருகிறது. முதலில் பார்த்தபோது எங்கள் ஆபீஸில் எல்லோரும் சிரித்தோம்.

இது 18 பைட் தப்பாகப் படிக்கப்பட்டதல்ல, 6 பைட்தான் போயிருக்கிறது. யாரோ ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணிலும் கீழ் 8 பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு மேலே உள்ளதை வெட்டி எறிந்திருக்கிறார்கள். நோட்-இல் ஒரு சரத்தை லத்தீன்-1 பஃபராக மாற்றினால் இதுதான் நடக்கும். ஹெடர் சோதனை கத்துகிறதே என்று அதைத் தாண்ட எங்கள் ஆள் பஃபரில் எழுதி நேராகச் சாக்கெட்டில் தள்ளியிருந்தார்.

தமிழின் அதிர்ஷ்டம், நம்முடைய எல்லா எழுத்தும் யூனிகோடில் 2944 முதல் 3071 வரை ஒரே கட்டில் இருக்கின்றன. கீழ் 8 பிட் எப்போதும் 128-க்கு மேல்தான் வரும். ஆகவே பழைய லாகில் இப்படிப் போன பெயர்களை மீட்கலாம், 128-க்கு மேற்பட்ட ஒவ்வொரு பைட்டோடும் 2816 கூட்டினால் போதும். 164-ஓடு கூட்டினால் 2980, அது த. அந்த லாகை இப்படித்தான் மீட்டோம். நல்ல வழி என்று சொல்ல மாட்டேன், குப்பையிலிருந்து பொறுக்கியது.

மலையாளத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, நம்ம மாவட்டத்தில் பாதிப் பேர் கடைப் பலகையே இரண்டு மொழியில் வைத்திருப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். மலையாளக் கட்டு 3328-இல் தொடங்குகிறது. வெட்டினால் கிடைக்கும் எண்கள் 0 முதல் 127 வரை, அதாவது ஆஸ்கி எழுத்துகளும் கட்டுப்பாட்டுக் குறிகளும். மலையாள ஊ-வின் எண் 3338. கீழ் 8 பிட் 10. வரி முடிவு! ஊ என்று தொடங்கும் ஒரு மலையாளப் பெயர் உங்கள் ஹெடரை நடுவில் உடைத்து, மிச்சத்தைப் புதிய ஹெடராகவோ புதிய கோரிக்கையாகவோ ஆக்கிவிடும். யாராவது வேண்டுமென்றே செய்தால் இதற்குப் பெயர் ஹெடர் இன்ஜெக்ஷன். கிளையண்டின் சோதனை கத்தினால் அதைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள், அது இதற்காகத்தான் கத்துகிறது.

அறிகுறி: பில்லில் சதவீதக் குறியாகக் கொட்டுகிறது

ஒரு முறை மட்டும் குறியிட்டிருந்தால் சர்வர் பிரிக்கவில்லை. சதவீதக் குறிக்குப் பின்னால் 25, 25 என்று திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு முறை குறியிட்டிருக்கிறது, ஏனென்றால் சதவீதக் குறியையே குறியிட்டால் 25 என்று வரும். அழைத்தவர் ஒரு முறை, லைப்ரரி ஒரு முறை. சதவீதக் குறி இருந்தால் ஏற்கெனவே ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் புத்திசாலித்தனத்தை லைப்ரரியில் வைக்காதீர்கள். "10% தள்ளுபடி" என்று பெயர் வைத்தவன் வந்து உங்களைக் கவிழ்ப்பான். வெளியே இருந்து வருவது எப்போதும் வெறும் சரம், குறியிடுவது லைப்ரரியின் வேலை மட்டும். அதை டாக்குமெண்டேஷனில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அறிகுறி: ஃபைல் பெயர் மட்டும் தப்பு

இறக்கும்போது என்றால் 2011-இன் ஆர்எஃப்சி 6266 வழி சொல்கிறது: ஆஸ்கியில் ஒரு ஃபைல்நேம், கூடவே நட்சத்திரம் போட்ட ஃபைல்நேம், அதில் என்கோடிங் பெயர், இரண்டு ஒற்றை மேற்கோள், அப்புறம் சதவீதக் குறியீடு. குறியிடும் விதி இப்போது 2017-இன் ஆர்எஃப்சி 8187-இல் இருக்கிறது. ஏற்றும்போது கதை தலைகீழ். மல்டிபார்ட் படிவத்தில் நட்சத்திரம் போட்டது கூடவே கூடாது என்று 2015-இன் ஆர்எஃப்சி 7578 சொல்கிறது. பைதானின் யூஆர்எல்லிப்3 பல காலம் நட்சத்திரம் போட்டே அனுப்பிக்கொண்டிருந்தது, 2019-இல் வந்த 1.25 பதிப்பில்தான் மாறியது. தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல் ஏறவே இல்லை, ஆங்கிலப் பெயர் ஏறுகிறது என்றால் முதலில் அந்தப் பதிப்பைப் பாருங்கள்.

அறிகுறி: கையொப்பம் பொருந்தவில்லை

ஹெடர்களைச் சேர்த்து ஹெச்மேக் என்ற ரகசியச் சாவிக் கையொப்பம் போடும் சர்வர்களில் மட்டும் வரும். ோ என்ற குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், ே, ா என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டில் தோவாளை ஒன்றில் 18, இன்னொன்றில் 21. கொல்லங்கோடு என்றால் கொ, கோ இரண்டு இடத்தில் வித்தியாசம் வரும், ஆகவே சோதனைக்கு அதுதான் தங்கம். பழைய மேக் ஃபைல் முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும், அங்கிருந்து வந்த பெயரில் கையொப்பம் போட்டு, வழியில் யாராவது ஒன்றுசேர்த்துவிட்டால் 403 தான். லைப்ரரிக்குள் நுழைந்தவுடன் என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவம்) ஆக்கிவிட்டு, குறியிட்டு, அந்தக் குறியிட்ட ஆஸ்கியின் மேல் கையொப்பம் போடுங்கள்.

சில்லறை

டோக்கனை ஃபைலிலிருந்து படித்தால் கடைசியில் வரி முடிவு ஒட்டிக்கொண்டு வரும். பைட்டை ஆஸ்கி எழுத்தாக்கும் லினக்ஸ் பேஸ்64 கட்டளை 76 எழுத்துக்கு ஒரு முறை வரியை உடைக்கும், நீளமான கடவுச்சொல் வைத்தவருக்கு மட்டும் பிழை வந்தால் அதுதான். பெயரும் கடவுச்சொல்லும் ஹெடரில் போகும் பேசிக் ஆத்தில் தமிழ்க் கடவுச்சொல் என்றால் பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் லத்தீன்-1 ஆக்கப் பார்த்து விழும், முன்கூட்டியே யூடிஎஃப்-8 பைட்டாகக் கொடுங்கள். சதவீதக் குறியீட்டில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 9 எழுத்து ஆகிறது. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இயல்பாக ஒரு ஹெடர் வரிக்கு 8 கேபிக்கு மேல் வாங்காது, 400 என்று திருப்பிவிடும். கடையின் முழு முகவரி, ஜிஎஸ்டி விவரம், விசேஷ நாள் வாழ்த்து எல்லாவற்றையும் ஹெடரில் அடைக்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கடைசியில் லைப்ரரியில் என்ன மாற்றினோம்

மூன்று மொழியிலும் ஒரே ஒரு நுழைவாயில். உள்ளே வருவது சரம். என்எஃப்சி, பிறகு கட்டுப்பாட்டுக் குறி இருந்தால் மறுப்பு, பிறகு யூடிஎஃப்-8, பிறகு சதவீதக் குறியீடு. பழைய கிளையண்டுகளும் நடமாடுவதால் சர்வருக்கு எது புதிது என்று தெரிய வேண்டும். ஆர்எஃப்சி 8187-இன் வடிவத்தைக் கடன் வாங்கி, மதிப்பின் தொடக்கத்திலேயே என்கோடிங் பெயரையும் இரண்டு ஒற்றை மேற்கோளையும் வைத்தோம். அது இருந்தால் பிரி, இல்லாவிட்டால் பழையது. சர்வர்காரர் முனகினார், ஆனால் அரை மணி நேர வேலை. இப்போது புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் 2024-இல் வந்த ஆர்எஃப்சி 9651-ஐப் பார்ப்பேன், அதில் இதற்கென்றே டிஸ்ப்ளே ஸ்ட்ரிங் என்று ஒரு வகை வந்திருக்கிறது. சோதனைப் பட்டியலில் தோவாளை, கொல்லங்கோடு, நாகர்கோவில், அம்மன், "பிரிவு அ", மலையாள ஊ, ஒரு சதவீதக் குறி, ஒரு உடையா ஸ்பேஸ். பதிலைப் படிக்கும் பாதைக்கும் இதே பட்டியல். நாங்கள் முதலில் அனுப்பும் பாதையை மட்டும் சோதித்ததால்தான் அ ஒளிந்துகொண்டிருந்தான்.

உத்திராடத்தன்று காலையில் புதிய பதிப்பை அண்ணாச்சி கடையில் ஏற்றினேன். பில் அடித்தது. பத்து நிமிடத்தில் மறுபடி போன்.

"மக்களே, எல்லாம் அடிக்கு. ஆனா மலர்க்கடைக்கு நடுவுல ஒரு க் விட்டுப் போச்சே. மலர்கடைன்னுல்லா வருது. இதுவும் ஒங்க கோளாறா?"

வயிற்றைப் புரட்டியது. டம்பை எடுத்து, சதவீதக் குறியீட்டைப் பிரித்துப் பார்த்தேன். ர்-இன் 141 முடிந்ததும் நேராக கடை-யின் க, 224 174 149. நடுவில் எதுவுமே விழவில்லை, கிளையண்டில் சேமித்த பெயரிலேயே அந்த க் கிடையாது.

"பைட்டெல்லாம் சரியா வந்திருக்கு அண்ணாச்சி. செட்டிங்ஸ்ல பேரை அடிச்சது யாரு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் போனைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குள் திரும்பி மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.